பிரேக் மாஸ்டருக்கு ஒரு ஸ்டீயரிங்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நான் தேடிப்போன கதை இல்லை. மாடி வீட்டுக்குப் போகவேண்டியது, கதவு மாறி என் வாசலில் வந்து நின்றது. கூரியர்காரர் மணி அடித்தார், கையெழுத்துக் கேட்டார், போட்டுக்கொடுத்தேன். அவர் இறங்கிப்போன பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன். பெயர் என்னுடையது இல்லை. மேலே பெரிதாக ஒரு ஸ்டீயரிங்கின் படம். எங்கள் கட்டடத்தில் யாரிடமும் கார் கிடையாது. கார் இல்லாத வீட்டுக்கு ஸ்டீயரிங் மட்டும் தனியாக வருகிறதென்றால், அதைப் பேசாமல் மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.*

* பெட்டியை நான் பிரிக்கவில்லை. ஓரத்தில் டேப் ஏற்கெனவே கொஞ்சம் பெயர்ந்திருந்தது. மீதி அதுவாகவே வந்துவிட்டது.

2

எப்படித் தொடங்கலாம் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "மழை விட்ட ஒரு மாலையில், தன் வாழ்க்கையின் திசையைத் தானே திருப்பிக்கொள்ள விரும்பிய ஒரு மனிதன்"

அடித்துவிட்டேன். ஸ்டீயரிங் என்று சொன்னாலே வாழ்க்கை, திசை, பயணம் என்று ஓடிவருகிற வார்த்தைகளை வாசலிலேயே நிறுத்திவைக்க வேண்டும். உள்ளே விட்டால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்.

இரண்டாவது கொஞ்சம் கட்டுரை மாதிரி இருந்தது: "மனிதன் கையில் பிடித்த வட்டங்களிலேயே ஸ்டீயரிங் ஒன்றுதான்" என்று ஆரம்பித்தேன். ஒன்றுதான் என்ன? வாளியின் வளையம் இருக்கிறது, வளையல் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

மூன்றாவது இதுதான்: மாடி வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர்.

பாருங்கள், எவ்வளவு லட்சணமாக நிற்கிறது.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்தில் ஸ்டீயரிங் இருக்காது. காலடியில் பிரேக்கும் கிளட்ச்சும் மட்டும் தனியாகப் போட்டிருப்பார்கள். கற்றுக்கொள்கிறவர் திருப்புவார், முறைப்பார், அழுவார், மாஸ்டர் மிதிப்பார். அவ்வளவுதான் தொழில். காலையில் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுப்பதையும் சாயங்காலம் உள்ளே விடுவதையும் கழித்துப் பார்த்தால், நம் ஆள் வேலை நேரம் முழுக்க காரில் உட்கார்ந்திருக்கிறாரே தவிர, ஓட்டுவதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி கற்றுக்கொடுத்த மனிதர், அடுத்தவர் கையில் ஸ்டீயரிங் இருப்பதைப் பார்த்தே தலை நரைத்தவர்.

காலுக்கு மட்டும் நல்ல பயிற்சி. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் துரத்தும் காட்சி பார்த்தாலும் மிதிப்பார். அவர் மனைவி மாடிப்படியில் வேகமாக இறங்கினால்கூட, பின்னால் வருகிறவரின் கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும். இதனால் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர். வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? கட்டடத்தில் கதை எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

3

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் என்பது ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுவர் நிறைய சாலைக் குறியீடுகள். மேஜைக்கு அந்தப்பக்கம் முதலாளி. ஒருநாள் மத்தியானம் மாஸ்டரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே மாஸ்டருக்குப் பாதி சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"மாஸ்டர், ஒரு ஐடியா."

"சொல்லுங்க சார்."

"இந்த ரேஸ் கேம் ஆடுறதுக்கு ஸ்டீயரிங் விக்கிறாங்கல்ல? அதுல ஒண்ணு வாங்கி இங்க மாட்டிட்டா, மொத பாதி கிளாஸ ஆபீஸ்லயே முடிச்சிடலாம். பெட்ரோல் மிச்சம், பம்பர் மிச்சம். கடைசில வண்டில நாலு சுத்து சுத்தி அனுப்பிடலாம். அதுக்கு ஒரு வண்டி போதும்ல?"

"போதும் சார்."

"ஒரு மாஸ்டர் போதும்ல?"

மாஸ்டரின் கால் பிரேக்கைத் தேடியது. ஆபீஸ் தரையில் பிரேக் இல்லை.

அந்த ஸ்கூலில் இருப்பது இரண்டு மாஸ்டர்கள். இவர் ஒருவர். இன்னொருவர் முதலாளியின் அக்கா மகன். இதற்கு மேல் விளக்கினால் உங்களை அவமானப்படுத்தியதாக ஆகும்.

முதலாளி தொடர்ந்தார். "சிமுலேட்டர்னு தனியா விக்கிறான், யானை விலை சொல்றான். நமக்கு அது வேண்டாம். மலிவா இருக்கணும், ஆனா கைக்கு நிஜ வண்டி மாதிரி இருக்கணும். ஃபோர்ஸ் ஃபீட்பேக்னு ஏதோ சொல்றாங்க, அது இருக்கணுமாம். நீங்கதான் அனுபவஸ்தர். வாங்கி, வீட்ல வெச்சு ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான். சரிப்படலன்னா விட்டுடுவோம், பழையபடியே ஓடட்டும்."

நீங்கதான் அனுபவஸ்தர்! நீங்க சொல்றதுதான்! இந்த இரண்டு வாக்கியங்களையும் கையில் ஏந்திக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்த அழகை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சம்பள உயர்வு வாங்கிய மனிதர் மாதிரி படியேறினார். அந்த ஸ்கூலில் இதுவரை அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. "பெட்ரோல் இருக்கா" என்பதைத் தவிர.

4

அவர் மனைவிக்கு வேலை ஃபீட்பேக் கேட்பது. வாஷிங்மெஷின் பழுதுபார்க்கிற ஒரு கம்பெனிக்காக, காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டிலிருந்தே போன் போடுவார். "எங்கள் சேவை எப்படி இருந்தது? ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல முடியுமா?" எதிர்முனையில் இருப்பவர்கள் சொல்வதில் எண்களும் இருக்கும், மற்றவையும் இருக்கும். எல்லாவற்றுக்கும் "உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று சொல்லி வைப்பார். கதையில் இவர் பெயர் இனி ஃபீட்பேக் அக்கா.

அன்று மாடியில் நடந்த பேச்சு. என் சமையலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் ஒன்றுக்கு மேல் ஒன்று. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"ஃபோர்ஸ் ஃபீட்பேக்னா என்னங்க?"

"அதான்... ஸ்டீயரிங் நமக்கு ஃபீட்பேக் குடுக்கும். ஃபோர்ஸா."

"நாம கேக்காமலேயா?"

"கேக்காமலேயே."

"கேக்காமலேயே கருத்து சொல்றதுக்கு எதுக்குக் காசு குடுத்து ஒண்ணு வாங்கணும்? நான் இந்த வீட்ல வேற என்ன பண்ணிட்டு இருக்கேன்?"

மாஸ்டர் சிரித்திருக்கிறார். சிரித்தது தப்பு. சிரிப்பு முடிவதற்குள் அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"இருங்க இருங்க. அது வந்துட்டா ஒரு மாஸ்டர் போதும்னாரா?"

"கேள்வியாத்தான் கேட்டாரு."

"ஐயோ! உங்கள கட்டித் தூக்க எந்தக் கயிறு நல்ல கயிறுன்னு உங்களயே கடைக்கு அனுப்பியிருக்காரு. நீங்களும் பல்ல காட்டிக்கிட்டு விலை கேட்டுட்டு வர்றீங்க!"

இதுதான் கதை. ஒரு மனிதர், தன் வேலைக்கு உலை வைக்கப்போகிற ஸ்டீயரிங்கைத் தானே பொறுக்கி எடுக்க வேண்டும். நல்லதாகப் பார்த்துச் சொன்னால் வேலை போகும். மோசமானதைச் சொன்னால் வேலை நிலைக்கும். நடுவில் நான் நிறைய சுற்றி வளைப்பேன். தொலைந்துபோனால் இந்தப் பத்திக்குத் திரும்பி வாருங்கள்.

5

(இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். அக்காவின் தம்பி. இவன் கதைக்குத் தேவையா என்று யோசித்து ஒருமுறை முழுசாக நீக்கிப் பார்த்தேன். நீக்கியதும் ஸ்டீயரிங்கைக் கம்ப்யூட்டரில் மாட்ட ஆள் இல்லை. மாஸ்டர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் சும்மா நின்றார். வேறு வழியில்லாமல் திரும்பக் கூப்பிட்டேன். வந்ததும் கேட்டான், "சாப்பிட என்ன இருக்கு?")

மச்சான் வருவதற்கு முன்பே மாஸ்டர் அவசரப்பட்டு ஒன்றை வரவழைத்துவிட்டார். என் வாசலுக்கு வந்ததே, அதுதான். பெட்டியின் மேல் "வைப்ரேஷன் ஃபீட்பேக்" என்று போட்டிருந்தது. மாஸ்டர் இரண்டாவது வார்த்தையை மட்டும் படித்தார். மனைவி நாள் முழுக்க உச்சரிக்கிற வார்த்தை, கண்ணில் பட்டதும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. விலையும் மலிவு.

மச்சான் பெட்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தான். "மாமா, வைப்ரேஷன் வேற, ஃபோர்ஸ் ஃபீட்பேக் வேற. இது செல்போன் மாதிரி சும்மா நடுங்கும். உள்ள ஒரு ரப்பர் இருக்கும், விட்டா நடுவுக்கு வந்துடும், அவ்ளோதான். அது அப்படி இல்ல. உள்ள மோட்டார் இருக்கு, உங்க கைய புடிச்சு இழுக்கும்."

"எதுக்கு இழுக்குது?"

"ரோடு எப்படி இருக்குன்னு சொல்றதுக்கு மாமா. அதுல மூணு வகை. கியர்ல ஓடுறது கடகடன்னு சத்தம் போடும், விலை கம்மி. பெல்ட்ல ஓடுறது வழவழன்னு போகும், விலை ஜாஸ்தி. அப்புறம் மோட்டார்லயே நேரா ஸ்டீயரிங்க மாட்டி வெச்சது ஒண்ணு இருக்கு. அது... அது வேற மாதிரி மாமா."

"என்ன விலை?"

"நல்லா பேசிட்டிருக்கும்போது எதுக்கு மாமா அதக் கேக்குறீங்க?"

"நீ எது வெச்சிருக்க மாப்ள?"

"நான் இன்னும் வாங்கல மாமா. அடுத்த மாடல் வரட்டும்னு பாக்குறேன்."

மச்சானுக்கு வேலை தேடுவதிலும் இதே கொள்கைதான்.

கடைசியில் மச்சானே கியரில் ஓடுகிற பழசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். "கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால் விற்பனைக்கு" என்று ஒருத்தர் விளம்பரம் போட்டிருந்தாராம். விற்றவர் கைமாற்றும்போது கண்கலங்கினார் என்று மச்சான் சொன்னான். அவன் பேச்சில் பாதியைத்தான் நம்பலாம் என்பதால், ஒரு கண் மட்டும் கலங்கியதாக வைத்துக்கொள்கிறேன்.

இப்போது மாடியில் இரண்டு ஸ்டீயரிங். புதியது பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம். பழையது திரும்பாது. பெயர் வைத்தது ஃபீட்பேக் அக்கா. நடுங்குவது நடுங்கி. கையைப் பிடித்து இழுத்து எதிர்ப்பேச்சுப் பேசுவது வாயாடி.

6

அந்த வாரம் முழுக்க நான் எழுத உட்கார்ந்ததெல்லாம் கூரையைப் பார்த்துத்தான்.

வாயாடி ஓடினால் என் தலைக்கு மேல் கடகடவென்று ஒரு சத்தம் வரும், யாரோ ஒரு டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. நடுங்கி ஓடினால் ர்ர்ர்ர் என்று ஒரே சத்தம். இது தவிர இன்னொரு சத்தம் உண்டு. தொம். அது மாஸ்டரின் கால். தொம் கேட்டால் ஸ்டீயரிங்கில் இருப்பது அக்கா, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தரையை மிதிக்கிறார். தொம் இல்லையென்றால் அவரே ஓட்டுகிறார். ஆக, யார், எதில், எப்படி ஓட்டுகிறார்கள் என்பதை நான் என் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொல்லிவிடுவேன். சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முதல் தடவை மாஸ்டர் ரேஸில் உட்கார்ந்தபோது மட்டும் நேரில் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியைத் திருப்பித் தரப் போயிருந்தேன். (அவர்கள் இஸ்திரிப் பெட்டி இல்லை. என்னுடையதுதான். திருப்பித் தர வந்ததாகச் சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை.)

சாப்பாட்டு மேஜையில் வாயாடியை இறுக்கி மாட்டியிருந்தார்கள். மாஸ்டர் நாற்காலியை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார். கை தானாகத் தோளுக்குப் போய் பெல்ட்டைத் தேடியது. திரையில் பச்சை விளக்கு விழுந்தது. மற்ற கார்கள் எல்லாம் பறந்தன. மாஸ்டர் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார், தோளுக்கு மேல் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கிளம்பினார்.

"மாமா, இது ரேஸு! மிதிங்க!"

"பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வர்றான். மொதல்ல அவன போகச் சொல்லு."

"உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல மாமா. நீங்கதான் கடைசி. அவன் ஒரு சுத்து முடிச்சிட்டு ரெண்டாவது சுத்துக்கு வர்றான்."

"வரட்டும். அவசரம்னா போகட்டும்," என்று மாஸ்டர் ஓரம் கட்டி வழிவிட்டார்.

அக்கா சிரித்துச் சிரித்து இருமினார். அப்புறம் அவரே உட்கார்ந்தார். லைசென்ஸ் கிடையாது, புருஷனிடம் கற்றுக்கொள்ள ஒரே ஒரு நாள் போய், அவர் ஓர் ஆட்டோவிலும் இவர் ஓர் ஆட்டோவிலுமாக வீடு திரும்பியவர். இப்போது முதல் வளைவிலேயே இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டு முன்னே போனார். நாள் முழுக்க "உங்கள் நேரத்துக்கு நன்றி" சொல்கிறவரின் கை எவ்வளவு வேகமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் தொம், தொம், தொம்.

7

இந்தப் பகுதியை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முதல் முறை சிரிப்பாக வந்தது, இரண்டாம் முறை அழுகையாக வந்தது. நடந்தது இரண்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மச்சான் விளையாட்டில் மழையைப் போட்டுவிட்டான். ரேஸ் தடத்தில் தண்ணீர் தேங்கியது. மாஸ்டர் வாயாடியில் இருந்தார். இந்நேரத்துக்குள் கொஞ்சம் தைரியம் வந்து, கடைசி இடத்திலிருந்து கடைசிக்கு முந்தின இடத்துக்கு உயர்ந்திருந்தார். மேலே கடகட, கடகட. திடீரென்று நின்றது. ஜன்னல் வழியாகப் பேச்சு வந்தது.

"நிறுத்துடா."

"என்னாச்சு மாமா? இடிக்கக்கூட இல்லயே."

"லேசாயிடுச்சு."

"லேசானா நல்லதுதான மாமா? ஈசியா திரும்பும்."

"மடையா. ஸ்டீயரிங் லேசாச்சுன்னா டயரு ரோட்ட விட்டுடுச்சுன்னு அர்த்தம். அப்பப் போய் திருப்புனா வண்டி உன் பேச்சக் கேக்காது. இத வாயால சொல்லிச் சொல்லி என் தொண்ட போச்சு. எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. ஒருத்தருக்கும் கைல புரிஞ்சதில்ல. மழைல, தண்ணி தேங்குன ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயா காட்ட முடியும்?"

"இது காட்டுதே மாமா."

"ஆமா. இது காட்டுது."

கடகட இன்னும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. பிறகு மறுபடியும், இந்தத் தடவை வேறு குரலில், "இது காட்டுது," என்றார்.

அப்புறம் நடுங்கியை மாட்டி அதே மழையில் ஓட்டிப் பார்த்தார்கள். ர்ர்ர்ர். தண்ணீரில் போனாலும் ர்ர்ர்ர், புல்லில் ஏறினாலும் ர்ர்ர்ர், சுவரில் மோதினாலும் ர்ர்ர்ர். போதாததற்கு முக்கால் சுற்றுக்கு மேல் திரும்பவும் மாட்டேன் என்றது. நிஜ வண்டியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டரைச் சுற்றாவது சுற்ற வேண்டும்.

"எல்லாத்துக்கும் ஒரே நடுக்கம். இதுல கத்துக்கிட்டு வர்ற புள்ளைங்க ஸ்டீயரிங் லேசாச்சுன்னா சந்தோஷப்படும்," என்றார் மாஸ்டர்.

"அதுக்குத்தான் வண்டில நீங்க இருக்கீங்கல்ல?" என்றார் அக்கா. "பக்கத்துல உக்காந்து மிதிங்க. மாசாமாசம் சம்பளம் வாங்குங்க. நடுங்கியவே சொல்லிடுங்க."

மேஜையிலிருந்து நடுங்கியைக் கழற்றும் சத்தம் கேட்டது. தொம் கேட்கவில்லை.

8

ஒரு சின்ன உபதேசம். வேண்டாதவர்கள் ஒன்பதுக்குத் தாவலாம்.

கதை எழுதும்போதும் கைக்கு இப்படி ஒன்று நடக்கிறது. சரியான பாதையில் போனால் வாக்கியம் முரண்டு பிடிக்கும், கையைப் பிடித்து இழுக்கும், ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் சண்டை போடும். எங்கேயோ ஓர் இடத்தில் திடீரென்று லேசாகிவிடும். வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வரும். நமக்கும் குஷியாகிவிடும். அப்போதுதான் கதை தரையை விட்டிருக்கும். முதல் தொடக்கத்தில் மழையும் மாலையும் வாழ்க்கையின் திசையும் வந்தனவே, அவை எவ்வளவு சுலபமாக வந்தன என்று உங்களிடம் சொல்லவில்லை.

இப்படி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இந்தப் பத்தியும் சுலபமாகத்தான் வந்தது. அதனால்

9

ஃபீட்பேக் அக்கா நேற்று இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தார். (இந்த முறை உண்மையாகவே.) மேஜைமேல் இந்தத் தாள்கள் கிடந்தன. நான் எடுத்து மறைப்பதற்குள் நாலு பக்கம் படித்துவிட்டார். படித்து முடித்து நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது, தொழில் குரல்.

"ஆறு."

"என்ன ஆறு?"

"ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள. ஆறு. அதுக்கு மேல போட மாட்டேன் மேடம்."

"எதுக்கும்மா நாலு குறைச்ச?"

"புருஷன் பாத்திரம் நல்லா வந்திருக்கு. தம்பிய கொஞ்சம் கேவலமா எழுதியிருக்கீங்க, ஆனா அவன் அப்படித்தான், அதுக்குக் குறைக்கல. பொண்டாட்டி பாத்திரம்தான் கொஞ்சம் கொடூரமா இருக்கு. நான் இப்படியா கத்துறேன்?"

"சத்தம் கீழ வரைக்கும் கேக்குதே."

"கேக்கும். ஏன் கத்துறேன்னு எழுதினீங்களா?" என்றார். தொழில் குரல் போய்விட்டிருந்தது. "இந்த வயசுல அவர எவன் வேலைக்கு எடுப்பான்? மிதிக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாது. நீங்க பாட்டுக்கு நேர்மை, மழைன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க. மறுநாள் காலைல அவரு சட்டைய மாட்டிக்கிட்டு எங்க போவாரு? அதையும் எழுதுங்க. எழுதினா ஏழு போடுறேன்."

இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

10

முடிவுகள். தயாராக மூன்று வைத்திருந்தேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

முடிவு ஒன்று. மாஸ்டர் நடுங்கியைச் சொல்கிறார். ஆபீஸில் மாட்டுகிறார்கள். பிள்ளைகள் அதில் குதூகலமாக ஓட்டிவிட்டு, வண்டியில் ஏறியதும் முழிக்கிறார்கள். வண்டிகள் இரண்டும் ஓடுகின்றன, மாஸ்டர்கள் இருவரும் இருக்கிறார்கள். அக்கா பத்துக்குப் பத்து போடுகிறார். பிறகு ஒரு மழைநாள் வருகிறது. லைசென்ஸ் வாங்கி வெளியே போன பிள்ளை ஒன்று, பக்கத்தில் மாஸ்டர் இல்லாமல், தண்ணீர் தேங்கிய சாலையில் கை லேசாகி,

முடிவு இரண்டு. மாஸ்டர் வாயாடியைச் சொல்கிறார். அது நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. அடுத்த மாதம் அவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார். அக்கா கேட்டது இதைத்தான். எழுதிவிட்டேன். ஏழு கிடைக்குமா தெரியவில்லை. அடுத்த வரி வரவில்லை.

முடிவு மூன்று. வாயாடி ஆபீஸுக்குப் போகிறது. முதலாளி சும்மா ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறார். எழுந்திருக்கவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ரேஸ் ஓட்டுகிறார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வெளியே காத்திருந்து காத்திருந்து, வேறு வழியில்லாமல் மாஸ்டரின் வண்டியிலேயே போய் ஏறுகிறார்கள். எல்லாரும் பிழைத்தார்கள்!

மூன்றாவதைக் கால் மணி நேரத்தில் எழுதி முடித்தேன். எனக்கே சிரிப்பு. கை அவ்வளவு லேசு.

கிழித்துவிட்டேன்.

11

இன்று காலை. இது நடந்துகொண்டிருக்கும்போதே எழுதுகிறேன், பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்தது. திறந்தால் பிரேக் மாஸ்டர். குளித்து, சட்டை மாட்டி, ஷூ போட்டு நிற்கிறார். பின்னால் படிக்கட்டில், திருப்பி அனுப்பும் பெட்டியை வாங்கிப்போக வந்த கூரியர்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொட்டாவி விடுகிறார். நடுங்கியை அவர் கையில் கொடுத்தால் ஸ்கூலுக்குப் போவது வாயாடி. கொடுக்காமல் அனுப்பிவிட்டால் நடுங்கி.

மாஸ்டர் தன் போனை என்னிடம் நீட்டினார். முதலாளியின் செய்தி திறந்திருந்தது: "மாஸ்டர், எது? இன்னிக்கு சொல்லிடுங்க." அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே இன்னொன்று.

"ரெண்டு வரி அடிச்சுக் குடுங்க மேடம்."

"எதுன்னு அடிக்கணும்?"

"நீங்களே போடுங்க."

"எனக்கு ஸ்டீயரிங்கப் பத்தி என்ன தெரியும்?"

"ஒரு வாரமா சீலிங்கப் பாத்துக்கிட்டுதான இருக்கீங்க," என்றார். கோபமே இல்லை. வண்டி கற்றுக்கொள்ள வந்தவரிடம் கிளட்ச் எது என்று காட்டுகிற குரல். "காலைலேருந்து நாலு தடவ அடிச்சு அடிச்சு அழிச்சுட்டேன் மேடம். வாயாடின்னு அடிச்சா, பாரு நான் எவ்ளோ நேர்மைன்னு காட்டிக்க அடிச்ச மாதிரி இருக்கு. நடுங்கின்னு அடிச்சா, சம்பளத்துக்காக அடிச்ச மாதிரி இருக்கு. எத அடிச்சாலும் எனக்காக அடிச்ச மாதிரியே ஆயிடுது. நீங்க அடிச்சீங்கன்னா..."

"நான் அடிச்சா?"

"உங்களுக்கு இது கதைதான மேடம்?"

மாடியில் கதவு திறக்கும் சத்தம். ஃபீட்பேக் அக்கா படியின் மேல் முனையில் வந்து நின்றார். காதில் ஹெட்போன். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

போன் என் கையில் இருக்கிறது. மூன்று முடிவுகளை உட்கார்ந்த இடத்தில் எழுதித் தள்ளியவள் நான். இப்போது முக்கியமான அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடிக்கக் கட்டைவிரல் வரவில்லை. அந்தப் பக்கம் முதலாளியின் திரையில் "மாஸ்டர் டைப் செய்கிறார்" என்று வந்து வந்து மறைந்துகொண்டிருக்கும். மாஸ்டர் டைப் செய்யவில்லை. என் வாசலில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கிறார். கூரியர்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இவ்வளவு தூரம் என்னோடு கூட ஒட்டுக்கேட்டவர் நீங்கள். அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும். இந்தாருங்கள், பிடியுங்கள். மரியாதையான பகுதியை அடித்துவைத்திருக்கிறேன். மீதி ஒரே ஒரு சொல்தான்.

"சார், நம்ம ஸ்கூலுக்குச் சரியா வர்றது